யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம்: சேரப்போகும் பிள்ளைக்கும் அனுப்பும் வீட்டாருக்கும்

யாழ் கம்பஸ் கிடைத்துவிட்டது என்றதும் வீட்டார் இறங்கும் முதல் வேலை திருநெல்வேலியில் அறை தேடுவது. அதற்கு முன் தெரிவுக் கடிதத்தில் பீடத்தின் பெயரை ஒருமுறை பாருங்கள். பொறியியல், விவசாயம், தொழில்நுட்பம் ஆகிய மூன்று பீடங்களும் திருநெல்வேலியில் இல்லை. அவை கிளிநொச்சி, அறிவியல் நகரில் இருக்கின்றன. ஏ9 வீதியால் 70 கிலோமீற்றர் அளவு போகவேண்டும். தினமும் போய்வந்து படிக்கிற தூரம் அல்ல அது. அவசரப்பட்டுக் கட்டிய முற்பணத்தை வீட்டுக்காரரிடமிருந்து திருப்பி வாங்குவதும் லேசான காரியம் அல்ல.

இந்தப் பல்கலைக்கழகத்தில் பிள்ளைகள் படும் சிரமங்களில் பாதி, பாடம் கடினமாக இருப்பதால் வருவதில்லை. எது எங்கே இருக்கிறது, எந்தப் படிவத்தை எந்த நாளுக்கு முன் யாரிடம் கொடுக்கவேண்டும் என்று தெரியாததால்தான் வருகிறது. அதனால் பெருமை பேசுவதைச் சுருக்கிக்கொண்டு இடம், காசு, நாள், கையொப்பம் இவற்றைப் பற்றியே எழுதுகிறேன்.

எது எங்கே

பிரதான வளாகம் திருநெல்வேலி, இராமநாதன் வீதியில். யாழ் நகர பஸ் நிலையத்திலிருந்து 3 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. பலாலி வீதியால் போகும் பஸ்ஸில் ஏறி, பரமேஸ்வராச் சந்தியில் இறங்கி நடக்கலாம். கலைப்பீடம், விஞ்ஞான பீடம், முகாமைத்துவ கற்கைகள் வணிக பீடம், இந்து கற்கைகள் பீடம், நிர்வாகம், பிரதான நூலகம், கைலாசபதி கலையரங்கு எல்லாம் இங்கேதான். மருத்துவ பீடம் கொஞ்சம் தள்ளி, கொக்குவில் பக்கம் ஆடியபாதம் வீதியில். மருத்துவப் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு ஆண்டு பெரும்பாலும் பீடத்தோடு போகும். வாட்டுப் படிப்பு தொடங்கியதும் யாழ் போதனா வைத்தியசாலைக்கும் கொக்குவிலுக்கும் மாறி மாறி ஓட்டம். அறை எடுக்கும்போது அதையும் கணக்கில் வையுங்கள். முதலாம் ஆண்டுக்கு வசதியான அறை மூன்றாம் ஆண்டுக்கு வசதியாக இருக்கும் என்றில்லை.

சித்த மருத்துவம் கைதடியில், நகரிலிருந்து கண்டி வீதியால் ஏறக்குறைய 10 கிலோமீற்றர். சங்கீதம், நடனம், சித்திரம் படிப்பவர்களுக்கு மருதனார்மடம்; காங்கேசன்துறை வீதியில் 8 கிலோமீற்றர் அளவு.

அறிவியல் நகருக்குத் தெற்கிலிருந்து வருபவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கொழும்பிலிருந்தோ வவுனியாவிலிருந்தோ வரும் பஸ் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நின்று வெளிக்கிட்ட பிறகு, கிளிநொச்சி நகருக்கு முன்பாகவே அறிவியல் நகர் வந்துவிடும். இரவு பஸ்ஸில் நித்திரையாகிப் போனால் கண் விழிக்கும்போது பரந்தன் தாண்டியிருக்கும். ஏறும்போதே நடத்துனரிடம் சொல்லிவையுங்கள், கொம்பனி பஸ் என்றால் இன்னும் கண்டிப்பாக.

வவுனியா வளாகம் என்று பழைய பதிவுகளில் வாசித்திருப்பீர்கள். அது 2021 ஓகஸ்ட் 1 முதல் வவுனியாப் பல்கலைக்கழகம் என்று தனியாகிவிட்டது. அதன் பாடநெறிகளுக்கு யூனிகோட் (விண்ணப்பத்தில் ஒவ்வொரு பாடநெறியையும் பல்கலைக்கழகத்தையும் குறிக்கும் குறியீடு) வேறு, பதிவு வேறு, நிர்வாகம் வேறு.

ஏன் இப்படிச் சிதறிக் கிடக்கிறது என்பதற்குக் காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. 1974-ல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஆறாவது வளாகமாக இது தொடங்கியபோது புதிதாகக் காணி எடுத்துக் கட்டிடம் கட்டித் தொடங்கவில்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921-ல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியை எடுத்து அங்கே கலைப் பாடங்களை வைத்தார்கள். விஞ்ஞானத்துக்கு வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பகுதி பயன்பட்டது. பிறகுதான் விஞ்ஞானமும் திருநெல்வேலிக்கு வந்தது. வளாகத்துக்குள் இருக்கும் பரமேஸ்வரன் கோயில் அந்தக் கல்லூரிக் காலத்தின் தொடர்ச்சி. முதல் வளாகத் தலைவர் பேராசிரியர் க. கைலாசபதி. 1978-ல் மருத்துவ பீடம் வந்தது. 1979-ல் தனிப் பல்கலைக்கழகமாகியபோது பேராசிரியர் சு. வித்தியானந்தன் முதல் துணைவேந்தரானார். விவசாய பீடம் 1990-ல் கிளிநொச்சியில் தொடங்கி, போரால் இடம்பெயர்ந்து, பல ஆண்டு கழித்துத்தான் தன் இடத்துக்குத் திரும்பியது. பொறியியல் பீடம் முதல் அணியை எடுத்தது 2014-ல். 1988 முதல் 1994 வரை துணைவேந்தராக இருந்த பேராசிரியர் அ. துரைராஜா, மண் பொறியியலில் உலகம் இன்றும் எடுத்தாளும் கேம்பிரிட்ஜ் ஆய்வுகளில் பங்கெடுத்தவர். அப்படிப்பட்டவர் துணைவேந்தராக இருந்த இடத்தில் பொறியியல் பீடம் வர அவர் காலமாகி இருபது ஆண்டு எடுத்தது. போர் எதைத் தின்றது என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு கணக்கே போதும்.

வெட்டுப்புள்ளிக்கு முன்

உயர்தரத்தில் ஒரே அமர்வில் மூன்று பாடமும் சித்தி, உயர்தரத்தோடு எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளி, இவை இருந்தால் விண்ணப்பிக்கலாம். தெரிவு இசட் புள்ளியில், அதாவது பாடங்களின் கடினத்தைச் சமப்படுத்திக் கணிக்கும் உயர்தரப் புள்ளியில். இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் தகுதிக்கு, 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கு, மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் குறித்த 16 மாவட்டங்களுக்கு. வடக்கின் ஐந்து மாவட்டங்களும் அந்தப் பட்டியலில் உண்டு. கலைத்துறைப் பாடநெறிகள் பெரும்பாலும் மாவட்டம் பார்க்காமல் அகில இலங்கைத் தகுதியில் போகின்றன.

மாவட்டம் என்றால் எந்த மாவட்டம்? இங்கேதான் தடக்குப்படுகிறார்கள். ரியூசனுக்காக யாழ்ப்பாணத்தில் அறை எடுத்துத் தங்கியதால் முல்லைத்தீவுப் பிள்ளை யாழ் மாவட்டப் பிள்ளையாகிவிடாது. பார்க்கப்படுவது உயர்தரத்துக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் படித்த பாடசாலை. இடையில் பாடசாலை மாறியவர்கள், குறிப்பாக சாதாரண தரம் முடித்துக் கிளிநொச்சியிலிருந்தோ மன்னாரிலிருந்தோ யாழ்ப்பாணத்துப் பெரிய பாடசாலைக்கு வந்தவர்கள், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டில் அந்தப் பகுதியை வரி வரியாக வாசிக்கவேண்டும். அதிபரின் கடிதத்தில் சேர்ந்த திகதியும் விலகிய திகதியும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மாதம் பிழைத்தாலும் விளக்கக் கடிதம் எழுதி அலையவேண்டி வரும்.

யூனிகோட் வரிசை போடுவது பற்றி ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். "இதை மேலே போட்டால் அது கிடைக்காமல் போய்விடும்" என்பது வீண் பயம். கணினி உங்கள் வரிசையை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வரும். உங்கள் புள்ளிக்கு முதலில் எட்டும் இடத்தைத் தரும். ஆகவே உண்மையில் எது விருப்பமோ அதை மேலே போடுங்கள். போன ஆண்டு வெட்டுப்புள்ளியைப் பார்த்து விருப்பத்தைத் தலைகீழாக்குவதால் நட்டம் உங்களுக்குத்தான். கிடைத்தாலும் போகமாட்டோம் என்று தெரிந்த பாடநெறியை இடம் நிரப்புவதற்காகப் போடவும் வேண்டாம். பல்கலைக்கழகமொன்றில் ஒருமுறை பதிந்துவிட்டால், அடுத்த முறை நல்ல புள்ளி எடுத்தாலும் பொதுவாக மறுபடி விண்ணப்பிக்க இடமில்லை.

சங்கீதம், நடனம், சித்திரம் போன்றவற்றுக்கு இசட் புள்ளி மட்டும் போதாது. செய்முறைத் தேர்வும் உண்டு. அதற்கான அறிவித்தல் பல்கலைக்கழகத்தின் பக்கம் தனியாக வரும், முடிவுத் திகதியும் தனி. ஆணைக்குழுவுக்கு விண்ணப்பம் போட்டதோடு வேலை முடிந்தது என்று இருந்து இடத்தைத் தவறவிடுவது ஆண்டுதோறும் நடக்கிறது. உயர்தரப் பெறுபேறு வந்த நாளிலிருந்தே பல்கலைக்கழக இணையத்தளத்தை வாரம் ஒருமுறை பார்ப்பது நல்லது.

பதிவு

பதிவு இரண்டு படி. முதலில் ஆணைக்குழுவுக்கு, சேருகிறேன் என்று இணையத்தில் உறுதி செய்யவேண்டும். அதன் பிறகு பல்கலைக்கழகம் தன் பதிவுக்கு அழைக்கும். இரண்டுக்கும் முடிவு நாள் உண்டு. முதலாவதைத் தவறவிட்டால் இரண்டாவது வராது.

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, உயர்தரப் பெறுபேறு, பாடசாலை விடுகைப் பத்திரம், மருத்துவப் பரிசோதனைப் படிவம், புகைப்படங்கள், பகிடிவதையில் ஈடுபடேன் என்ற உறுதிமொழி ஆகியவை அடிப்படை. இவற்றில் நாள் இழுப்பது இரண்டு. மருத்துவப் படிவத்துக்கு இரத்தம், கண், பல் என்று வேறு வேறு இடங்களில் கையொப்பம் வேண்டும். ஒரே காலையில் முடியாது. மற்றது பெயர். பிறப்புச் சான்றிதழில் "சிவகுமாரன்" என்றும் அடையாள அட்டையில் "சிவகுமார்" என்றும் இருந்தால், அல்லது ஆங்கில எழுத்தில் ஒரு எழுத்துக் கூடக்குறைய இருந்தால், இப்போதே திருத்துங்கள். பதிவில் போகும் பெயர்தான் நான்கு ஆண்டு கழித்துப் பட்டச் சான்றிதழில் வரும், அதுதான் கடவுச்சீட்டோடு பொருந்தவேண்டும். அந்த நேரத்தில் சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு ஓடுவதை விட இப்போது பிரதேச செயலகத்துக்கு இரண்டு முறை போவது மேல்.

எல்லாவற்றிலும் சமாதான நீதவான் உறுதிப்படுத்திய பிரதி ஐந்து ஐந்து வைத்திருங்கள். விடுதிக்கு ஒன்று, உதவுதொகைக்கு ஒன்று, துறைக்கு ஒன்று என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

காசு

உள்வாரிப் பட்டப்படிப்புக்குக் கல்விக் கட்டணம் இல்லை. செலவெல்லாம் தங்குமிடம், சாப்பாடு, போக்குவரத்து, போட்டோக்கொப்பி, மடிகணினி.

மகாபொலப் புலமைப்பரிசில் விண்ணப்பம் ஆணைக்குழுவின் நுழைவு விண்ணப்பத்தோடு சேர்ந்தே போகிறது. அதில் வருமானப் பகுதியைக் கவனமில்லாமல் நிரப்பினால் பிறகு திருத்துவது பெரும் பாடு. கிராம அலுவலர் ஒப்பமிட்டுப் பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட வருமானச் சான்று வேண்டும். வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் காசை எழுதுவதா விடுவதா என்ற கேள்வி எல்லா வீட்டிலும் எழும். ஒழுங்காக மாதம் வருவதை மறைத்து எழுதிக் கையொப்பமிடுவது பிழை. பிடிபட்டால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பார்கள். மகாபொல கிடைக்காதவர்கள் பல்கலைக்கழகத்தின் ஊடாக உதவுதொகைக்கு, அதாவது பேர்சரிக்கு, விண்ணப்பிக்கலாம். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகவும், உதவுதொகை 4,000-லிருந்து 6,500 ஆகவும் கூட்டப்பட்டன. கூட்டியும் இது மாதச் சாப்பாட்டுக்கே போதாது. அதோடு முதல் தவணை விரிவுரை தொடங்கிப் பல மாதம் கழித்தே கைக்கு வரும். முதல் ஆறு மாதச் செலவை வீட்டிலிருந்து கொடுக்கவேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு அனுப்புங்கள்.

தங்குமிடம், தண்ணீர்

விடுதிக்கு வீட்டுத் தூரமும் வருமானமும் பார்ப்பார்கள். முதலாம் ஆண்டுக்கும் இறுதி ஆண்டுக்கும் முன்னுரிமை என்பது நடைமுறை. நடு ஆண்டுகளில் வெளியே அறை எடுக்கவேண்டி வரும் என்று எதிர்பார்த்திருப்பது நல்லது. விடுதி வாடகை வெளி அறையோடு ஒப்பிட்டால் பெயரளவுக்குத்தான். ஆனால் நுளம்பு, தண்ணீர் நேரம், குளியலறை வரிசை எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு.

வெளியே அறை என்றால் திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில், கலாசாலை வீதிப் பக்கம். வாடகையைத் தவிர நாலு விஷயம் கேட்கவேண்டும். மின்சாரத்துக்குத் தனி மீற்றரா, அல்லது வீட்டுக்காரர் குத்துமதிப்பாகப் பிரிப்பாரா? படலை எத்தனை மணிக்குப் பூட்டு? சமைக்க விடுவார்களா? கிணறு எங்கே, மலசலகூடக் குழி எங்கே?

கடைசிக் கேள்வியைத் தெற்கிலிருந்து வரும் பிள்ளைகள் மட்டுமல்ல, நம்மவர்களே கேட்பதில்லை. குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணக்கல் பாறைக்குள் தேங்கும் மழைநீர். ஆறு இல்லை, மாரி மழைதான் கிணற்றை நிரப்புகிறது. சுண்ணக்கல் வெடிப்பும் துளையுமாக இருப்பதால் மேலே போடுகிற எதுவும் வடிகட்டப்படாமல் கீழே இறங்கும். திருநெல்வேலி, கோண்டாவில் பக்கம் தோட்டங்களுக்குப் போடும் உரமும், நெருக்கமான வீடுகளின் குழிகளும் சேர்ந்து நைத்திரேற்றைக் கூட்டுகின்றன. குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். இங்கு பல கிணறுகள் அந்த எல்லையைத் தாண்டுகின்றன. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, ஆவி போகப் போகச் செறிவு கூடத்தான் செய்யும். கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கு வேறு விஷயம். அது சுண்ணாம்பு, பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அதால் பெரிய கெடுதி இல்லை. குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடிக்குக் குறைவாக இருந்தால் அந்தக் கிணற்றைக் குளிக்கவும் துவைக்கவும் மட்டும் வைத்துக்கொண்டு, குடிக்கச் சுத்திகரித்த தண்ணீர் வாங்குங்கள். பெரிய கலனாக வாங்கி இரண்டு மூன்று பேர் பங்குபோட்டால் செலவு கட்டுப்படியாகும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. தாழ்ந்த ஒழுங்கைகளில் முழங்கால் அளவு வெள்ளம் நிற்கும். கீழ்த்தள அறை மலிவாகக் கிடைத்தால் சுவரில் ஈரக்கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். திருநெல்வேலியில் ஒரு சைக்கிள் இருந்தால் எல்லா அலுவலும் ஓடும். சந்தை, நூலகம், நகரம் எல்லாம் மிதிக்கிற தூரம்தான். அறிவியல் நகரில் வெயில் கடுமை, கடைகள் குறைவு. தேவையானதைக் கிளிநொச்சி நகரில் வாங்கிவைக்கும் பழக்கம் வேண்டும்.

படிப்பின் கணக்கு

ஒரு செமஸ்டர் 15 வாரம். விரிவுரையில் ஒரு கிரெடிட் 15 மணித்தியாலம். மூன்றாண்டுப் பொதுப் பட்டத்துக்கு 90 கிரெடிட், நான்காண்டு சிறப்புப் பட்டத்துக்கு 120. இது மேலோட்டமாகத் தெரிந்ததுதான். உள்ளே இருக்கும் கணக்கைத்தான் பிள்ளைகள் போட்டுப் பார்ப்பதில்லை.

வரவு 80 வீதம் இல்லாவிட்டால் அந்தப் பாட அலகின் பரீட்சைக்கு இருக்க விடமாட்டார்கள். மூன்று கிரெடிட் பாடம் என்றால் 45 மணித்தியாலம். அதில் 9 மணித்தியாலம் மட்டுமே தவறலாம். இரண்டு மணித்தியால விரிவுரையாகப் போட்டிருந்தால் நாலு நாள் போகாமல் விடலாம், ஐந்தாவது நாள் எல்லை தாண்டிவிடும். ஒரு திருவிழா, ஒரு கலியாணம், ஒரு டெங்குக் காய்ச்சல். அவ்வளவில் முடிந்தது. நாலு நாளையும் செமஸ்டரின் தொடக்கத்திலேயே செலவழித்துவிட்டு, கடைசியில் உண்மையாகவே சுகமில்லாமல் படுக்கும்போது கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பதுதான் வழமையாக நடப்பது.

சுகமில்லாமல் பரீட்சையைத் தவறவிட்டால் மெடிக்கல், அதாவது வைத்தியச் சான்றிதழ், போடலாம். ஆனால் தெருமுனை டிஸ்பென்சரித் துண்டு போதாது. குறித்த நாட்களுக்குள் கொடுக்கவேண்டும்; பல்கலைக்கழக வைத்திய அதிகாரி ஏற்கவேண்டும். முதல் நாளே வீட்டார் யாராவது பீட அலுவலகத்துக்கு அறிவித்து, அறிவித்ததற்கு எழுத்தில் ஒரு அத்தாட்சி வைத்திருப்பது பாதுகாப்பு. ஏற்றுக்கொண்ட மெடிக்கல் என்றால் அடுத்த முறை எழுதுவது முதல் முறையாகவே கணக்காகும். எடுத்த தரம் முழுதாகக் கிடைக்கும். ஏற்காவிட்டால் அது ரிப்பீட். ரிப்பீட்டுக்கு எவ்வளவு நன்றாக எழுதினாலும் பொதுவாகக் கிடைக்கும் உச்சத் தரம் சி, அதாவது 2.00.

அந்த ஒரு சி என்ன செய்யும் என்று பாருங்கள். முதலாம் வகுப்புக்குத் தரப்புள்ளிச் சராசரி (ஜிபிஏ) 3.70 வேண்டும், இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்கு 3.30, கீழ்ப்பிரிவுக்கு 3.00. ஒருவர் 120 கிரெடிட்டில் 117-க்கும் 3.70 அளவில் எடுத்து, ஒரேயொரு மூன்று கிரெடிட் பாடத்தில் மட்டும் ரிப்பீட் எழுதி 2.00 எடுத்தால் மொத்தச் சராசரி 3.66-க்குக் கீழே வந்துவிடும். முதலாம் வகுப்பு போய்விட்டது. ரிப்பீட் எழுதியவருக்கு வகுப்புத் தரலாமா என்பதில் பீடத்துக்குப் பீடம் வேறு விதிகளும் உண்டு. முதலாம் ஆண்டிலேயே உங்கள் பீடத்தின் மாணவர் கையேட்டில் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள். சீனியர்கள் சொல்வது அவர்கள் பட்சுக்குரிய விதியாக இருக்கலாம், இடையில் மாறியிருக்கும்.

சிறப்புப் பட்டத்துக்குப் பிரியும் இடமும் முக்கியம். விஞ்ஞான பீடத்தில் அது மூன்றாம் ஆண்டில். அதற்கு முந்திய இரண்டு ஆண்டுப் பெறுபேறு வைத்துத்தான் எடுப்பார்கள். கலைப்பீடத்தில் இன்னும் முன்னதாகவே பாடம் தீர்மானமாகிவிடும். உயர்தரம் முடித்த களைப்பில் முதலாம் ஆண்டை விளையாட்டாக விடுபவர்கள், விரும்பிய துறையின் கதவு பூட்டிய பிறகுதான் கண் விழிக்கிறார்கள்.

ஆங்கிலம் பற்றி நேராகச் சொல்லிவிடலாம். விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல், விவசாயம், தொழில்நுட்பம் எல்லாம் ஆங்கிலத்தில். வகுப்பில் பாதிக்கு மேல் சிங்களப் பிள்ளைகள் இருக்கும் பீடங்களும் உண்டு. அவர்களுக்கும் இதே சிக்கல்தான். தொகையீடும் வகையீடும் சேதன இரசாயனமும் நன்றாகத் தெரிந்த பிள்ளை, முதல் மாதம் விரிவுரையில் எந்தப் பாடம் நடக்கிறது என்றே பிடிக்கமுடியாமல் தவிக்கும். விடயம் தெரியும், பெயர்தான் தெரியாது. இதற்கு நல்ல வழி, பெறுபேறு வந்து விரிவுரை தொடங்கும் வரை கிடைக்கும் அந்தப் பல மாத இடைவெளியில், தான் ஏற்கனவே படித்த உயர்தரப் பாடத்தையே ஆங்கிலப் புத்தகத்தில் ஒருமுறை வாசிப்பது. பேச்சு ஆங்கில வகுப்புக்குக் காசு கட்டுவதை விட இது பலன் தரும். விடைகளைத் தமிழில் யோசித்து ஆங்கிலத்துக்கு மாற்றும் பழக்கம் முதல் செமஸ்டரோடு போகவேண்டும், ஏனென்றால் பரீட்சையில் அதற்கு நேரம் கிடையாது.

கலைப்பீடத்தில் பெரும்பகுதி தமிழில் படிக்கலாம். சட்டம் ஆங்கிலத்தில். தமிழில் படிப்பவர்கள் ஆய்வுக் கட்டுரைக்கு ஈழத்துப் பழைய பத்திரிகை, மலர், நூல் தேடும்போது பிரதான நூலகத்தோடு நூலகம் நிறுவனத்தின் இணைய எண்ணிமத் தொகுப்பையும் பாருங்கள். அச்சில் எங்கும் கிடைக்காதவை அங்கே இலவசமாகக் கிடக்கின்றன.

பகிடிவதை

இருக்கிறது. இல்லை என்று சொல்பவர்களை நம்பவேண்டாம். எல்லா இடத்திலும் ஒரே அளவு இருக்கிறது என்பவர்களையும் நம்பவேண்டாம். இப்போது அது முதல் விரிவுரைக்கு முன்பே வட்சப்பில் தொடங்கிவிடுகிறது. பட்ச் குழுவில் சேர்த்துவிட்டு, இரவு நேரம் அழைப்பு, வீடியோ, பாட்டு, தகவல் திரட்டு என்று கேட்பார்கள். 1998-ம் ஆண்டின் 20-ம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டப்படி பகிடிவதைக்கு இரண்டு ஆண்டு வரை, பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ என்றால் பத்து ஆண்டு வரை சிறை. முறைப்பாடு செய்வதற்குச் சிரேஷ்ட மாணவ ஆலோசகர், பீடாதிபதி, மானியங்கள் ஆணைக்குழுவின் இணைய முறைப்பாட்டு வசதி என மூன்று வழி உண்டு. அழைப்பு வந்த நேரம், இலக்கம், திரைப்பிரதி ஆகியவற்றைச் சேமித்துவைக்காமல் வாயால் சொல்லும் முறைப்பாடு பெரும்பாலும் அந்தரத்தில் நின்றுவிடும். வீட்டார் அந்த நேரம் "எல்லாரும் இதுக்குள்ளாலதானே போனவை" என்று சொல்லாமல் இருப்பதே பெரிய உதவி.

வளாகத்தின் அரசியலையும் தெரிந்துகொண்டு வருவது நல்லது. 2001 பொங்கு தமிழ் எழுச்சி நிகழ்வு தொடங்கிய இடம் இது. வளாகத்துக்குள் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 ஜனவரி 8 இரவு இடிக்கப்பட்டு, மாணவர் எதிர்ப்புக்குப் பின் அதே ஆண்டு திரும்பக் கட்டப்பட்டது. மே 18 (முள்ளிவாய்க்கால் நினைவு நாள்), நவம்பர் 27 (மாவீரர் நாள்) ஆகிய நாட்களை ஒட்டி விரிவுரை, வாசல், பஸ் எல்லாம் வழமைபோல் இராது. அதைவிடக் கல்விசாரா ஊழியர் பணிப்புறக்கணிப்புகளும் நாட்காட்டியைத் தள்ளும். நான்கு ஆண்டுப் பட்டம் நான்கு ஆண்டில் முடியும் என்று நினைத்து வெளிநாட்டு விண்ணப்பம், கலியாணம், கடன் எதற்கும் நாள் குறிக்கவேண்டாம்.

முடித்த பிறகு

இறுதிப் பெறுபேறு வந்ததும் பட்டமளிப்பு வரை காத்திராமல் பெறுபேற்று உறுதிக் கடிதமும் பாடவாரி விபரப் பத்திரமும் எடுங்கள். அதற்கு முன் நூலகம், விடுதி, ஆய்வுகூடம், விளையாட்டுப் பிரிவு எல்லாவற்றிலும் கடன் இல்லை என்று கையொப்பம் வேண்டும். இரண்டாம் ஆண்டில் எடுத்துத் தொலைத்த ஒரு புத்தகம் இங்கேதான் வந்து நிற்கும். விபரப் பத்திரம் ஆறு ஏழு பிரதி ஒரேயடியாக, ஒட்டிய உறையில் சிலதும் திறந்தபடி சிலதுமாகக் கேட்டு வாங்குங்கள். பின்னர் கொழும்பிலிருந்தோ கனடாவிலிருந்தோ ஒவ்வொன்றாகக் கேட்டு எடுப்பது சிரமம். வெளிநாட்டுக்குச் சான்றுப்படுத்த வெளிவிவகார அமைச்சின் கொன்சியுலர் பிராந்திய அலுவலகம் யாழ் மாவட்டச் செயலகத்திலேயே இருக்கிறது, கொழும்புக்குப் போகவேண்டியதில்லை. போகும்போது மூலப்பிரதியும் அடையாள அட்டையும் கையில் இருக்கவேண்டும், போட்டோக்கொப்பியை வைத்துச் சான்றுப்படுத்த மாட்டார்கள்.